தாவரமா, மாத்திரையா: மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் வழிகள்



நான் மருந்தியல் கற்பிப்பவன். சீட்டு எழுதிக் கொடுப்பவர்கள் வேறு. எழுதிய மருந்து உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்று பின்தொடர்வது என் வேலை. தலைப்பை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று இந்த உரையின் அமைப்பாளர்கள் சொன்னதும், மருத்துவமனை வராந்தாவில் என்னை நிறுத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்வியையே எடுத்துக்கொண்டேன். "ஐந்து வருஷம் ஹார்மோன் மாத்திரை போடச் சொல்கிறார்களே, அதற்குப் பதிலாக மஞ்சளோ சோயாவோ சாப்பிட்டால் போதாதா?" கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. கேட்டவர்களில் பள்ளித் தலைமையாசிரியை உண்டு, வங்கி மேலாளர் உண்டு, ஒருமுறை ஒரு மருத்துவரே கேட்டார்.

நடுவில் எழுந்து போக வேண்டியவர்களின் வசதிக்காகப் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: போதாது. ஆனால் ஏன் போதாது என்பதற்கு எங்கள் துறையினர் பலர் சொல்லும் காரணம் எனக்கு உடன்பாடில்லை. "செடி கொடியில் ஒன்றும் இல்லை, எல்லாம் நம்பிக்கை" என்று கையை உதறிவிடுகிறார்கள். செடியில் சரக்கு இருக்கிறது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

கதையை ஆட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், இளமையில் ஆடுகளின் பால் சுரப்பை ஆராய்ந்தவர். சூலகத்தை எடுத்துவிட்டால் கறவை மாடு நெடுநாள் பால் தரும் என்று கால்நடை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. மார்பகத்தின் போக்கை எங்கோ அடிவயிற்றில் இருக்கும் ஓர் உறுப்பு தீர்மானிக்கிறது என்ற எண்ணம் அவர் மனதில் விழுந்தது அதனால்தான். 1895இல் 33 வயதுப் பெண் ஒருத்தி, மார்பை எடுத்த பிறகும் புற்று மீண்டும் படர்ந்த நிலையில் அவரிடம் வந்தாள். பீட்சன் அவளுடைய சூலகங்களை அகற்றினார். சில மாதங்களில் கட்டிகள் கரைந்தன. 1896இல் 'லான்செட்' இதழில் இதை எழுதினார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே பிறக்காத காலம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

மற்ற மருத்துவர்களும் செய்து பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்குத்தான் பலன் கிடைத்தது. எந்த ஒருத்தி என்று முன்கூட்டிச் சொல்ல அரை நூற்றாண்டுக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குள் செலுத்தி அது எங்கே தங்குகிறது என்று பார்த்தார். தசையில் வந்தவேகத்தில் வெளியேறியது, கருப்பையில் பிடித்துவைக்கப்பட்டது. பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தப் புரதம்தான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. இன்று பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று அச்சாகி வருவது இதைத்தான். புற்றணுவில் இந்த ஏற்பி இருந்தால் ஈஸ்ட்ரோஜன் அதற்கு உரம். மேலை நாடுகளில் நான்கில் மூன்று மார்பகப் புற்றுகள் இந்த வகை. இந்தியாவில் அந்த விகிதம் குறைவு. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 1.9 லட்சம் பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வரும் நாட்டில் அது சின்னக் கூட்டம் ஆகிவிடாது.

அடுத்து டமாக்சிஃபென். 1962இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இதைத் தயாரித்தார். தேடியது புற்றுநோய் மருந்தை அல்ல, கருத்தடை மாத்திரையை. எலிகளில் கரு உண்டாகாமல் அருமையாகத் தடுத்தது. பெண்களுக்குக் கொடுத்தால் நேர்மாறாகக் கருமுட்டை வெளியேறுவதைத் தூண்டியது. கருத்தடை மாத்திரைக்கு இதைவிடப் பெரிய தோல்வி என்ன வேண்டும்? நிறுவனம் கைவிடப் பார்த்தது. ஆய்வுக் குழுவை நடத்திய ஆர்தர் வால்போல் விடவில்லை. 1971இல் மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோலும் உடன் பணிபுரிந்தோரும், முற்றிய நிலையில் இருந்த 46 பெண்களுக்குக் கொடுத்ததில் 10 பேருக்குக் கட்டி சுருங்கியது என்று வெளியிட்டார்கள். 1973இல் பிரிட்டனிலும் 1977இல் அமெரிக்காவிலும் ஒப்புதல். எலிக்கு ஒன்றும் பெண்ணுக்கு வேறொன்றும் செய்த இந்த மருந்தின் சரித்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோயாவுக்கு வரும்போது தேவைப்படும்.

இந்த இடத்தில் நம் நாட்டுச் செய்தி ஒன்று. டமாக்சிஃபெனுக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க மூலக்கூறு ஒன்று லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. அது கருத்தடை மாத்திரையாகவே வென்றது. 1991 முதல் 'சஹேலி' என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'சாயா' என்று இலவசமாகத் தருகிறார்கள். வாரத்துக்கு ஒன்று என்று அதை விழுங்கும் பெண்களில் எத்தனை பேருக்கு அது புற்றுநோய் மருந்தின் தங்கை என்று தெரியும்!

டமாக்சிஃபென் செய்வது என்ன? ஏற்பிப் புரதத்தில் ஒரு குழி. ஈஸ்ட்ரோஜன் அதற்குள் இறங்கியதும் புரதத்தின் ஓரத்துச் சுருள் ஒன்று டப்பா மூடிபோலக் கவிழ்ந்து படிகிறது. மூடி சரியாகப் படிந்தால்தான் 'பெருகு' என்ற கட்டளை அணுவின் மரபுப்பொருளுக்குப் போகும். டமாக்சிஃபெனும் அதே குழியில் இறங்குகிறது. ஆனால் அதன் பக்கக் கிளை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் மூடி படிவதில்லை. கட்டளை நின்றுவிடுகிறது. இது மார்பகத்தில். கருப்பையிலும் எலும்பிலும் துணைப் புரதங்கள் வேறு. அங்கே இதே மருந்து ஓரளவு ஈஸ்ட்ரோஜனாகவே நடந்துகொள்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பைக் காக்கிறது, கருப்பை உட்சுவரைத் தடிக்க வைக்கிறது. இரண்டு முகம் கொண்ட மருந்து.

அதன் நல்ல முகத்தையும் கெட்ட முகத்தையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட ஆய்வுக் கூட்டமைப்பு, 20 ஆய்வுகளில் பங்கேற்ற 21,457 பெண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியிட்டது. ஏற்பி உள்ள புற்றுக்கு ஐந்தாண்டு டமாக்சிஃபென் எடுத்தவர்களில், நோய் திரும்புவது முதல் ஐந்தாண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பதினைந்தாண்டுக் கணக்கில் மார்பகப் புற்றால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரையை நிறுத்திப் பத்தாண்டு ஆன பிறகும் அதன் பலன் தொடர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்பி இல்லாத புற்றில் பலனே இல்லை. கெட்ட முகம்: 55 முதல் 69 வயதுக்குள் மருந்தைத் தொடங்கியவர்களில் கருப்பை உட்சுவர்ப் புற்று பதினைந்தாண்டில் 100க்கு ஒன்று என்ற அளவிலிருந்து 4ஐ ஒட்டி உயர்ந்தது. கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவதும் கூடியது. மருந்து அட்டையோடு வரும் தாளில் இவ்வளவும் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். படிப்பதற்கு ஒரு தாள் இருப்பதே இந்த மருந்தின் பெருமை என்பது என் கட்சி.

இன்னொரு வழி, ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே நிறுத்துவது. மாதவிடாய் நின்ற பெண்ணின் சூலகம் ஓய்ந்துவிட்டாலும், அட்ரீனல் சுரப்பி தரும் ஆண் ஹார்மோன்களைக் கொழுப்பிலும் தசையிலும் உள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டிருக்கும். அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல், எக்செமஸ்டேன் ஆகியவை இந்த நொதியை முடக்குபவை. லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று உடல் முழுவதும் நடக்கும் இந்த மாற்றத்தை 98 சதவீதத்துக்கும் மேல் நிறுத்திவிடுகிறது. 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வில், மாதவிடாய் நின்ற பெண்களிடையே இவை டமாக்சிஃபெனைவிடவும் நோய் திரும்புவதை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தன. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு மட்டும் இவற்றைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததை உணர்ந்த மூளை சூலகத்தை விரட்டி வேலை வாங்கும். அவர்களுக்குச் சூலகத்தை அடக்கும் ஊசியும் சேர வேண்டும்.

மாத்திரைகளின் கதை இவ்வளவு. இனித் தாவரங்கள். அங்கேயும் ஆடுதான் முதல் சாட்சி.

1940களின் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. சினைபிடித்தவை ஈன முடியாமல் தவித்தன. கருப்பை வெளியே தள்ளியது. கிடா சேராத ஆட்டுக்குட்டிகளுக்கும், ஏன், காயடித்த கிடாக்களுக்கும்கூட மடியில் பால் வந்தது. நிலத்தை வளமாக்கவென்று விதைத்த ஒருவகை க்ளோவர்த் தீவனப் பயிரை அவை மேய்ந்திருந்தன. 1946இல் இந்த நோயைப் பதிவு செய்தார்கள். அந்தச் செடியில் இருந்த ஐசோஃபிளவோன் என்ற வகைப் பொருள் ஆட்டின் இரைப்பையில் நுண்ணுயிர்களால் மாற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் வேலையைச் செய்திருக்கிறது. செடிக்குச் சக்தி இல்லை என்பவர்கள் அந்த மந்தைகளைப் பார்த்திருக்க வேண்டும்.

அதே குடும்பத்துப் பொருள்கள்தான் சோயாவில் உள்ள ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும். சோயாச் செடி இவற்றை நம் வீட்டுப் பெண்களை நினைத்துத் தயாரிக்கவில்லை. வேர் முடிச்சில் குடியிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவுக்கு அனுப்பும் அழைப்பு அது. உருவத்தில் ஈஸ்ட்ரோஜனைப் போல இருப்பதால் நம் ஏற்பியிலும் இறங்கிவிடுகிறது. 1996இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இரண்டாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பீட்டா என்று பெயர். ஜெனிஸ்டீன் பழைய ஆல்ஃபா ஏற்பியைவிட இந்த பீட்டாவோடு பலமடங்கு நன்றாக ஒட்டுகிறது. மார்பகப் புற்றில் பெருகச் சொல்லிக் கட்டளை இடுவது ஆல்ஃபா. பீட்டா பெரும்பாலும் கடிவாளம் போடுகிற பக்கம் நிற்கிறது. ஆக, ஜெனிஸ்டீனுக்கும் இரண்டு முகம்.

ஆய்வகத்தில் இந்த இரட்டை முகம் ஆராய்ச்சியாளர்களைப் படாதபாடு படுத்தியது. 1970இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கன்னியாஸ்திரியின் உடலிலிருந்து எடுத்து வளர்த்த எம்.சி.எஃப். 7 என்ற புற்றணு வரிசைதான் இன்றும் உலகெங்கும் ஹார்மோன் ஆய்வுகளுக்கு உரைகல். அந்த அணுக்கள்மீது ஜெனிஸ்டீனைக் குறைந்த அளவில் ஊற்றினால் அவை பெருகுகின்றன. அதிக அளவில் ஊற்றினால் மடிகின்றன. மடிய வைத்த அளவை மட்டும் எடுத்துக்கொண்டு 'சோயா புற்றை அழிக்கிறது' என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். சோயா சாப்பிடும் பெண்ணின் இரத்தத்தில் கிடைப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான அளவு அது. அடுத்து சூலகம் நீக்கப்பட்ட, நோய் எதிர்ப்பு இல்லாத எலிகளுக்கு இந்தப் புற்றை ஒட்டி ஜெனிஸ்டீன் கொடுத்தார்கள். கட்டி வளர்ந்தது. டமாக்சிஃபென் கட்டியை அடக்குவதையும் ஜெனிஸ்டீன் கெடுத்தது. 2002இல் இது வந்ததும் தலைப்பு மாறியது: 'சோயா புற்றை வளர்க்கிறது'. எத்தனையோ வீடுகளில் மீல் மேக்கர் பொட்டலம் குப்பைக்குப் போனது அன்றுதான்.

பெண்களைக் கேட்க யாராவது வேண்டுமே. ஷாங்காயில் கேட்டார்கள். மார்பகப் புற்று வந்த 5,042 பெண்களிடம் அவர்கள் அன்றாடம் சாப்பிடும் டோஃபு, சோயாப் பால் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு சில ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 2009 டிசம்பரில் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் முடிவு வந்தது. சோயா அதிகம் சாப்பிட்டவர்களிடையே, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இறப்பும் நோய் திரும்புவதும் சுமார் 30 சதவீதம் குறைவு. டமாக்சிஃபென் எடுத்தவர்களிடமும் கேடு தென்படவில்லை. எலி சொன்னதைப் பெண்கள் பொய்யாக்கினார்கள்.

இந்த முடிவைக் கொண்டாடுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இது கண்காணிப்பு ஆய்வு. சீட்டுப் போட்டுப் பாதிப் பேருக்குச் சோயாவும் பாதிப் பேருக்கு வேறொன்றும் கொடுத்த சோதனை அல்ல. சோயா நிறையச் சாப்பிடுகிறவர் வேறு பல நல்ல பழக்கங்களும் உள்ளவராக இருக்கலாம். ஷாங்காய்ப் பெண் குழந்தைப் பருவத்திலிருந்தே சோயா சாப்பிடுகிறவர். நாம் ஐம்பது வயதில் மருத்துவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குகிறவர்கள். டெய்ட்சீனைச் சக்திமிக்க ஈக்வால் ஆக மாற்றும் குடல் பாக்டீரியா எல்லோரிடமும் இருப்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பெண்களில் யாரும் மாத்திரைக்குப் பதிலாகச் சோயா சாப்பிடவில்லை. சிகிச்சையோடு சாப்பிட்டார்கள். அந்த ஆய்வு சொல்லும் செய்தியைச் சமையலறை மொழியில் சொன்னால், மீல் மேக்கர் குருமாவுக்குத் தடை இல்லை. சோயாவிலிருந்து பிரித்தெடுத்த ஐசோஃபிளவோனை அடைத்து விற்கும் மாத்திரைக்கு அது நற்சான்று ஆகாது.

அரோமடேஸை அடக்கும் தாவரப் பொருள்கள் என்றும் ஒரு பட்டியல் சுற்றுகிறது. அதில் முதலிடம் கிரைசின் என்ற பொருளுக்கு. சோதனைக் குழாயில் நொதியை அடக்குவது உண்மை. வாய் வழியாகச் சாப்பிட்டால் குடலும் ஈரலும் அதை மாற்றிக் கழித்துவிடுகின்றன; இரத்தத்துக்கு வந்து சேர்வது ஏறக்குறைய ஒன்றுமில்லை. லெட்ரோசோலின் 98 சதவீதத்தோடு இதை ஒரே தராசில் வைப்பது நியாயம் ஆகாது. ஆளி விதையைப் பற்றி மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம். டொரான்டோவில் நோய் தெரிந்து அறுவைக்குக் காத்திருந்த 32 பெண்களில் ஒரு பிரிவினருக்குத் தினமும் 25 கிராம் ஆளி விதை சேர்த்த மஃபின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மஃபின். 2005இல் வந்த முடிவு: ஆளி விதை சாப்பிட்டவர்களின் கட்டியில் அணுக்கள் பெருகும் வேகத்தின் குறியீடு சுமார் 34 சதவீதம் இறங்கியது. ஆய்வு சிறியது; சில வாரங்களுக்கானது; யார் பிழைத்தார், யாருக்குத் திரும்பியது என்று பார்த்ததும் அல்ல. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்ட ஆய்வு. இப்படிப்பட்டவை இன்னும் நூறு வேண்டும். அதைச் செய்யப் பணம் போட யாரும் இல்லை. ஆளி விதைக்குக் காப்புரிமை வாங்க முடியாதல்லவா?

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம்.

புறநோயாளிகள் பிரிவில், மருந்துகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னால் பெண்கள் மஞ்சள் பையை மேசையில் கவிழ்ப்பார்கள். ஒருமுறை அப்படிக் கவிழ்ந்ததில் டமாக்சிஃபென் அட்டை, கால்சியம், தைராய்டு மாத்திரை, அவற்றோடு ஒரு பிளாஸ்டிக் புட்டி. முன்புறம் மஞ்சள் கிழங்கின் படமும் 'முற்றிலும் இயற்கை' என்ற எழுத்தும். திருப்பிப் பார்த்தால் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய அளவில்: 95 சதவீதக் குர்குமின் சாறு 500 மி.கி., மிளகிலிருந்து எடுத்த பைபரின் 5 மி.கி. அந்த அம்மா நாளுக்கு நான்கு போட்டுக்கொண்டிருந்தார். "மஞ்சள்தானே சார், குழம்பில் போடாததா?" என்றார்.

குழம்பில் போடுவதைக் கணக்குப் பார்ப்போம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒருவர் நாளெல்லாம் சாப்பிடும் சாம்பார், பொரியல், ரசம் எல்லாம் சேர்த்து 2 கிராம் மஞ்சள் என்று தாராளமாக வைத்தாலும் 60 மி.கி. குர்குமின். அதிலும் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதில்லை. குர்குமின் உடம்பில் ஏறாத பொருள் என்று பேர் வாங்கியது. நான்கு கேப்சூலில் இருப்பது 1,900 மி.கி., அதுவும் பைபரினோடு. பைபரின் எதற்கு? 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைபரின் சேர்த்தால் இரத்தத்தில் ஏறும் அளவு இருபது மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். குர்குமினைப் பிடித்துக் கழிக்க முயலும் ஈரல் நொதிகளின் கையைப் பைபரின் கட்டிவிடுகிறது. உலகச் சந்தையில் 'மஞ்சள் பிளஸ் மிளகு' என்று ஆயிரம் புட்டிகள் இந்த ஆய்வின் பிள்ளைகள்.

அந்த ஈரல் நொதிகளிடம் டமாக்சிஃபெனுக்கும் வேலை இருக்கிறது. நாம் விழுங்கும் டமாக்சிஃபென் முழு மருந்து அல்ல. ஈரலில் சி.ஒய்.பி. 2டி6 உள்ளிட்ட நொதிகள் அதை எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாற்றுகின்றன. ஏற்பியில் ஒட்டும் பலத்தில் இது தாய்ப்பொருளைவிடச் சுமார் நூறு மடங்கு. எண்டாக்சிஃபென் போதிய அளவு உருவாகாவிட்டால் மாத்திரையின் வேலை அரைகுறை. இதற்குச் சாட்சி ஒன்று உண்டு. உடம்பெல்லாம் அனல் பறக்கும் தொல்லைக்காகவும் மனச்சோர்வுக்காகவும் டமாக்சிஃபெனோடு பாராக்செட்டின் என்ற மாத்திரையைத் தருவது ஒருகாலத்தில் வழக்கம். அது 2டி6 நொதியை அடைத்துவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் 2,430 பெண்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2010இல் வந்தது. இரண்டையும் சேர்த்து எடுத்த காலம் கூடக்கூட மார்பகப் புற்றால் இறப்பும் கூடியது. ஆங்கில மருந்தோடு ஆங்கில மருந்தே இப்படி மோதும்.

குர்குமினைப் பற்றி 2019இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் நேரடியாகவே சோதித்தார்கள். டமாக்சிஃபென் எடுத்துக்கொண்டிருந்த 16 பெண்களுக்கு நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 1,200 மி.கி. குர்குமின் கொடுத்தபோது இரத்தத்தில் எண்டாக்சிஃபென் சுமார் 8 சதவீதம் குறைந்தது. பைபரினையும் சேர்த்தபோது 12 சதவீதம். எண் சிறிதாகத் தெரியலாம். ஏற்கெனவே விளிம்பில் நிற்பவருக்கு அது போதும். ஆய்வில் கொடுத்த அளவு நம் குழம்பைப்போல அறுபது மடங்கு என்பதையும் சொல்லியாக வேண்டும், யாரும் வீட்டுக்குப் போய் அஞ்சறைப் பெட்டியில் கை வைத்துவிடக் கூடாது. இதே கதைதான் முட்டைக்கோஸ் வகைக் காய்களிலிருந்து வரும் டி.ஐ.எம். என்ற பொருளுக்கும். ஈஸ்ட்ரோஜனைச் சீராக்கும் என்று அமெரிக்காவில் அமோகமாக விற்பது. டமாக்சிஃபென் எடுக்கும் பெண்களுக்கு முறைப்படி கொடுத்துப் பார்த்தபோது, 2017இல் வந்த முடிவின்படி, எண்டாக்சிஃபென் அளவு இறங்கியது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பொருள் உணவைப்போல அப்பாவியாகவும் மருந்தைப்போல வல்லமையோடும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. புட்டியின் முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே விற்கிறது. புற்றை அடக்கும் பலம் அதற்கு உண்டென்றால், மற்ற மருந்தோடு மோதும் பலமும் ஈரலைக் கெடுக்கும் பலமும் அதற்கு உண்டு. மஞ்சள் கேப்சூலால் ஈரல் அழற்சி வந்தவர்களின் பதிவுகள் இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்திருக்கின்றன. ஒரு கெடுதலும் செய்யாது என்றால் நன்மையையும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

நம் சித்த மருத்துவர்களுக்கு இது புதிதல்ல என்பதை அவையில் சொல்லாமல் விட்டால் பிழை. சேங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிகளுக்கு அதைப் பயன்படுத்தும் மரபு உண்டு. கையில் பட்டாலே கொப்பளிக்கும் சரக்கு. சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் தொடமாட்டார். எதில் குழைத்துக் கொடுப்பது என்று அனுபானம், எதையெல்லாம் தவிர்ப்பது என்று பத்தியம், எத்தனை நாள் என்று கெடு, அத்தனையும் வகுத்துத்தான் கொடுப்பார். மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்பது சித்த மருத்துவத்தின் வாக்கு அல்ல. இணைய விளம்பரத்தின் வாக்கு. புட்டியில் மூலிகையை எடுத்துக்கொண்டார்கள், பத்தியத்தை விட்டுவிட்டார்கள்.

தாவரங்கள் புற்றுக்கு மருந்தே தரவில்லையா என்று கேட்பீர்கள். தந்திருக்கின்றன, அள்ளித் தந்திருக்கின்றன. நம் மானாவாரிக் காடுகளில் கேட்பாரற்றுப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் வந்தன. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடித்த இலை என்று கனடாவின் ராபர்ட் நோபிளுக்கு வந்து சேர்ந்தது. சர்க்கரையை இறக்கவில்லை, வெள்ளை அணுக்களை இறக்கியது. அதே செடியின் வழிவந்த வினோரெல்பின் மார்பகப் புற்றில் பயன்படுகிறது. 1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் உரித்த பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து மன்றோ வாலும் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணியும் பாக்லிடாக்சலைப் பிரித்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுக்கு அதன் ஒப்புதல் 1994இல். இன்று கீமோ வார்டில் சொட்டிக்கொண்டிருக்கும் மருந்துகளில் அது முன்வரிசை. முடி கொட்ட வைப்பதும் கால் விரல்களை மரக்க வைப்பதும் அந்த மரப்பட்டைதான். இயற்கை என்பதால் அது தயவு காட்டவில்லை.

மாத்திரைகளை முழுக்கத் தள்ளிவிட்டு மாற்று வழியை மட்டும் நம்பியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் எண்ணப்பட்டிருக்கிறது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் முறையான சிகிச்சையை மறுத்தவர்களின் அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மார்பகப் புற்றில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்தரை மடங்குக்கும் மேல். இந்த எண்ணை நான் அச்சுறுத்தச் சொல்லவில்லை. நம் ஊரில் முழுக்க மறுப்பவர்கள் சிலரே. பெரிய கூட்டம் வேறு: மாத்திரையைச் சத்தம் போடாமல் நிறுத்திவிடுகிறவர்கள்.

கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய மருத்துவத் திட்டத்தில் 8,769 பெண்களின் மருந்துக் கணக்கைப் பார்த்தபோது, நாலரை ஆண்டு முழுவதும் ஒழுங்காக மாத்திரை எடுத்தவர்கள் 49 சதவீதம்தான். பணமும் காப்பீடும் உள்ள ஊரில் அப்படி. டமாக்சிஃபென் சில ரூபாய் மாத்திரை. விலை காரணமாக இருக்க முடியாது. இரவில் திடீரென்று அனல் கிளம்பி, ரவிக்கை நனைந்து, மின்விசிறிக்கு அடியில் போய் உட்காருகிற பெண்ணுக்குத்தான் காரணம் தெரியும். லெட்ரோசோல் எடுக்கும் பெண் காலையில் விரலை மடக்க முடியாமல் தோசைக் கரண்டியை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். பிறப்புறுப்பு வறட்சியைப் பற்றி அவள் யாரிடமும் பேசமாட்டாள், மருத்துவரும் கேட்கமாட்டார். "உயிர் பிழைச்சதே பெரிசு, இதையெல்லாம் சொல்லிக்கிட்டு" என்று ஒரு வார்த்தை விழும். அந்த வார்த்தை விழுந்த இடத்தில்தான் புட்டிக்காரர் வந்து நிற்கிறார். அவர் குறைகளைக் கேட்கிறார், தலையாட்டுகிறார், தொலைபேசி எண்ணையும் தருகிறார். தாவரம் மாத்திரையை வெல்லும் ஒரே களம் இது. அங்கே வெல்வது தாவரத்தின் மூலக்கூறு அல்ல.

எங்கள் பக்கம் செய்ய நிறைய இருக்கிறது. அனலுக்கு 2டி6 நொதியை அதிகம் தொடாத மாற்று மருந்துகள் உள்ளன. வென்லாஃபாக்சின் அப்படி ஒன்று. ஒரு அரோமடேஸ் மாத்திரை ஒத்துவராதபோது இன்னொன்றுக்கு மாறலாம், அல்லது டமாக்சிஃபெனுக்குத் திரும்பலாம். மூட்டு வலிக்கு யேல் பல்கலைக்கழகமே 2015இல் ஒரு சோதனை வெளியிட்டது: வாரத்துக்கு 150 நிமிட நடையும் இரண்டு நாள் பளுப் பயிற்சியும் செய்த பெண்களுக்கு வலி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.  அந்தப் பரிந்துரையை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் மருத்துவரை எனக்குக் காட்டுங்கள், நான் போய் வணங்கிவிட்டு வருகிறேன்.

அளவைக் குறைத்தால் என்ன என்ற கேள்வியும் உண்டு. இத்தாலியில் ஆண்ட்ரியா டெசென்சி தலைமையில் 500 பெண்களிடம் நாளுக்கு 20 மி.கி.க்குப் பதிலாக 5 மி.கி. டமாக்சிஃபெனை மூன்றாண்டுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவில், வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் நோய் வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அனல் தொல்லை மிகச் சிறிய அளவே கூடுதல். மார்பகத்தில் ஊடுருவாத ஆரம்ப நிலை மாற்றங்கள் உள்ளவர்களுக்கான ஆய்வு இது. ஊடுருவிய புற்றுக்கு இன்றும் 20 மி.கி.தான், யாரும் வீட்டில் மாத்திரையை நான்காக உடைக்க வேண்டாம். ஆனால் ஐம்பது ஆண்டுப் பழைய ஒரு மருந்தின் சரியான அளவு எது என்ற கேள்வியே இப்போதுதான் மரியாதையாகக் கேட்கப்படுகிறது. அதற்கான சோதனைகளை நடத்த நம் ஊரில் நோயாளிகளும் இருக்கிறார்கள், இரத்தத்தில் எண்டாக்சிஃபென் அளக்கும் கருவிகளும் இருக்கின்றன. சித்த மருத்துவக் கல்லூரியும் புற்றுநோய் மருத்துவமனையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், குர்குமின் எந்த அளவுவரை டமாக்சிஃபெனோடு மோதாது என்பதை இங்கேயே அளந்து சொல்லிவிடலாம்.

முன்வரிசையில் தாள் கொடுத்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரை, கேப்சூல், பொடி, லேகியம் எல்லாவற்றின் பெயரையும் ஒன்றுவிடாமல் எழுதி, கேள்வியையும் எழுதித் தாருங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.